தீப்பெட்டியில் பதினேழு

திங்கட்கிழமை ஆறு மணிக்கு எந்திரம் வரும்.
சொன்னவன் ஊர்மாஸ், எந்திரத்தை ஓட்டுகிறவன்.
வீட்டுக்கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள்,
தேதியைச் சொல்வதுதான் அவனால் முடிந்தது.

இன்று வியாழன்.
அலுதாகுசேக் காட்டில்
மரங்களின் தூரைச் சுற்றி மட்டும் பனி உருகி
வட்ட வட்டமாய்த் தரை தெரிகிறது.
லூலே மண்டியிடுகிறாள்.

வேண்டிக்கொள்ள அல்ல.
பறக்கும் அணிலின் புழுக்கை தேடுகிறாள்.
அரிசி அளவு, மஞ்சள் நிறம்.
யாரோ வாழ்த்திவிட்டுப் போன
அட்சதை போலச் சிதறிக் கிடக்கும்.
கிடந்தால்
அந்த மரத்தைச் சட்டம் தொடவிடாது,
சுற்றி நிற்பவற்றையும்.
கிடக்காவிட்டால்
இத்தனை கனமீட்டர் என்று எழுதிக்கொள்வார்கள்.

அணிலை அவள் பார்த்ததில்லை.
பதினாறு வருடத்தில்
ஒரே ஒரு முறை, இருட்டில்,
ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு
ஏதோ போனதைக் கேட்டிருக்கிறாள்,
ஈரத் துணியை உதறிய மாதிரி.
அதை வைத்துக்கொண்டு
இத்தனை வருடம் ஓட்டிவிட்டாள்.
கடவுளைக் கண்டவர்களும்
இவ்வளவுதான் கண்டிருப்பார்கள் போல.

இந்தத் தோப்பில் இரண்டு வகை முடிச்சு.
ஆஸ்பென் கிளையில் நிறம்போன கம்பளி நூல்,
காய்ச்சலோ கடனோ
யாரோ மரத்திடம் ஒப்படைத்தது.
அதே மரத்தின் இடுப்பில்
நிறுவனத்தின் ஆரஞ்சு ரிப்பன்.
நூல் கட்டினவர்கள்
ஒரு சுள்ளியும் ஒடியாமல் கட்டினார்கள்.
ரிப்பனும்
ஒடியாமல்தான் கட்டியிருக்கிறது.

முப்பத்து நாலு மரம் பார்த்தாயிற்று.
முழங்காலில் ஈரம் எலும்புவரை.
ஒன்றும் இல்லை.

சட்டைப்பையில் தீப்பெட்டி.
உள்ளே பதினேழு மணி,
போன வசந்தத்தில் எடுத்தது,
வடக்கே, காப்பாற்ற முடிந்த ஒரு காட்டில்.
எதற்கு எடுத்துவந்தாய் என்று கேட்டால்
திருநீறு மடித்து வைத்துக்கொள்வதில்லையா,
அது மாதிரி.

முப்பத்தைந்தாவது மரம்.
மூன்று ஆள் உயரத்தில் மரங்கொத்தி குடைந்த பொந்து.
அணில் இருக்கலாம்.
இருந்திருக்கலாம்.
அடுத்த வருடம் வருவதாய் இருந்திருக்கலாம்.
லூலே பெட்டியைத் திறந்தாள்.
கவிழ்த்தாள்.
ஒரு சத்தமும் இல்லை.

ஆய்வாளர் ஹெல்துர் மதியத்துக்கு மேல் வந்தார்,
வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு
பனியில் கால் புதையப் புதைய.
குனிந்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார்.
வெகுநேரம் முகர்ந்தார்.
கந்தக வாசம்.
பொந்தைப் பார்த்தார், ரிப்பனை, நூலை.
அவளை மட்டும் பார்க்கவில்லை.

பேனாவை எடுப்பார் என்று நினைத்தாள்,
எதை எழுதுவதற்கானாலும்.
அவர் கையுறையைக் கழற்றி
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார்.
பதினாறு.
ஒன்று அகப்படவில்லை, பனி விழுங்கியிருக்கும்.
அவள் உள்ளங்கையில் போட்டு
விரல்களை மூடிவிட்டார்.

"மொத்தம் எத்தனை ஆஸ்பென்?"
"எழுபத்தொன்று."
"எனக்கு முழங்கால் சரியில்லை" என்றார்,
முப்பத்தாறாவதன் அடியில்
மண்டியிட்டபடியே.

அவர் கிழக்கு வரிசை, அவள் மேற்கு.
பேச்சில்லை.
எங்கோ ஒரு கிளை பனியை இறக்கிவிட்டு
நிமிர்ந்துகொண்டது.
இருவரும் தலை தூக்கி
மறுபடி குனிந்தார்கள்.

அறுபது முடிந்தபோது
தலைவிளக்கின் பேட்டரி மங்கிவிட்டது.
அந்த வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்:
ஊசியிலைத் துணுக்கு, பட்டைச் சீவல்,
பழைய பனி, அவர் விரல்.
ஒவ்வொன்றையும் எடுத்து
முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னும் பதினொன்று.